டீச்சரிடம் கேளுங்கள்: ‘அவன் ஊர்க்காரன், டீச்சர்’

தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். மற்ற மாதங்களில் மாமியார், மருமகள், பையனின் கைப்பேசி என்று வரும். இந்த மாதம் மட்டும் இறந்தவர்களைப் பற்றித்தான். மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்போது மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தால் ஆறு வரை விடுவதில்லை. துணியும் காயவில்லை, வெளியே போகவும் வழியில்லை. அதனால் எல்லாக் கடிதங்களையும் உட்கார்ந்து படித்துவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: தீபாவளிக்கு முதல் நாள் இரவு அப்பாவுக்குப் படையல் போடுவோம். ஆட்டிறைச்சிப் பிரட்டலும் ஒரு போத்தல் ஸ்டவுட்டும் வைப்பது வழக்கம். இந்த வருஷம் சைவமாகத்தான் போட வேண்டும், மது வைப்பது பாவம் என்கிறார் என் மருமகன். என்ன செய்யலாம்?
ஒரு வாசகர், தாப்பா

பதில்: உங்கள் மருமகன் உங்கள் அப்பாவைப் பார்த்திருக்கிறாரா? பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். படையல் சாமிக்குப் போடுவதில்லையே, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரும் நம் ஆளுக்குப் போடுவது. அவருக்கு என்ன பிடிக்குமோ அதைத்தானே வைக்க முடியும்? எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) ஒரு வீட்டில் சுருட்டு, அடுத்த வீட்டில் கள், எங்கள் பாட்டிக்கு வெற்றிலையும் கருவாட்டுக் குழம்பும். மருமகனுக்குத் தனி இலையில் சாம்பார் ஊற்றுங்கள், அவரும் குடும்பத்தில் ஒருவர்தானே. ஆனால் விடிவதற்குள் ஸ்டவுட்டைக் காலி செய்வது யார் என்று மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் சித்தப்பாதான்.

கேள்வி: டீச்சர், எனக்கு 62 வயது. தோட்டத்தில் பால் வெட்டியவள். கித்தா (ரப்பர்) மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு உரம் போடும் வேலைக்குப் போனேன். தோட்டம் கைமாறி வீடுகள் கட்ட ஆரம்பித்ததும் தாமான் குடியிருப்பில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் இந்த ஜூன் மாதம் தவறிவிட்டார். இனிப்பு நீர் (சர்க்கரை நோய்). ஒரு காலை எடுத்த பிறகு ஒன்றரை வருஷம் கட்டிலோடுதான் கிடந்தார். கட்டில் இன்னும் கூடத்திலேயே இருக்கிறது.

அந்த ஒன்றரை வருஷமும், பட்டணத்தில் முடிவெட்டும் கடையில் வேலை செய்யும் ஒரு பையன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடை அடைத்ததும் வந்து அவருக்குச் சவரம் செய்துவிட்டுப் போவான். காசு கொடுத்தால் வாங்க மாட்டான். மன்னார்குடிப் பக்கம். 2023 கடைசியில் வேலை பெர்மிட்டில் வந்தவன். இவர் இறந்த அன்று மொட்டை போட ஆள் கிடைக்காமல் என் கொழுந்தனார்தான் அவனுக்குப் போன் செய்தார். என் மகனுக்கு வாசலில் வைத்து மொட்டை போட்டதும் அவன்தான்.

என் மகளுக்கு 29 வயது. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் வேலை. அப்பா போன நாற்பதாம் நாள், அந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அவன் ஊர்க்காரன், டீச்சர், தமிழ்நாட்டு ஆள். ஐசிக்காக (இந்த நாட்டு அடையாள அட்டைக்காக) வளைத்துப் போட்டுவிட்டான் என்கிறார் கொழுந்தனார். கத்தரிக்கோல் பிடிக்கிற கைக்கா நம் பிள்ளையைக் கொடுப்பது என்றும் கேட்கிறார். வருஷம் திரும்பாமல் பேச்சே எடுக்கக்கூடாது என்கிறார் நாத்தனார். பையனின் பெர்மிட்டோ வரும் மார்ச்சோடு முடிகிறது.

இன்னொன்று. அஸ்தியில் பாதியைப் பேராக் ஆற்றில் விட்டோம். மீதியைக் கலயத்தில் வைத்து வேலியோரத்து மாமரத்தில் கட்டியிருக்கிறோம். மாமனார் முசிறிப் பக்கத்திலிருந்து வந்தவர், அதனால் இதைக் காவேரியில்தான் கரைக்க வேண்டும் என்கிறார்கள். என் வீட்டுக்காரர் இந்த மண்ணில் பிறந்தும் நாற்பத்தைந்து வருஷம், குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐசியோடு இருந்தவர். 2011இல் மைடஃப்தார் என்ற குடியுரிமைப் பதிவு இயக்கம் வந்தபோது பதிந்து, 2013இல்தான் குடிமக்களுக்கான நீல ஐசி கைக்கு வந்தது. ஊரைக் கண்ணால் பார்த்ததே இல்லை. காவேரியைப் பற்றி அவர் பேசியது ஒரே ஒரு தடவை. டிவியில் மேட்டூர் அணையைத் திறந்துவிட்டதைக் காட்டினார்கள். “எவ்வளவு தண்ணி” என்றார். அவ்வளவுதான்.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பையனைப் பற்றி ஒரு தடவை சொன்னார்: “இவனுக்கு நல்ல கை. ஆடவே ஆடாது.” நான் என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, இடம் போதாமல் உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘ஊர்க்காரன்’ என்ற சொல் 11 தடவை வருகிறது. வாத்தியார் புத்தி, எண்ணிப் பார்த்தேன். அந்தப் பையனின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

தமிழ்நாட்டில் ஒருவரை ஊர்க்காரர் என்றால் சொந்த ஊர்க்காரர், நமக்கு வேண்டியவர். இங்கே அதே சொல்லால் ஆளைத் தள்ளி நிறுத்துகிறோம். இது எப்படி நடக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். எங்கள் வீட்டிலேயே நடந்தது.

எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர்கள். ஒரே லயம், ஒரே கங்காணி, விடியும் முன்னே ஒரே பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) நின்று பெயர் கொடுத்தவர்கள். தாத்தா யாரோ சொல்லி நீல அட்டைக்கு மனுப் போட்டார். சின்னத் தாத்தா போடவில்லை. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணிக்கு முன்னால் கைநாட்டு வைக்க அவருக்குக் கூச்சம் என்று பாட்டி சொல்லுவார். 1968இல் சட்டம் வந்தது, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று. அடுத்த சில வருஷங்களில் சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சின்னத் தாத்தா குடும்பம் 1970இல் பினாங்கில் கப்பல் ஏறியது. எனக்கு அப்போது 15 வயது. சின்னப் பாட்டி அம்மிக்கல்லையும் ஏற்றித்தான் ஆக வேண்டும் என்று துறைமுகத்தில் பிடித்த சண்டை இன்னும் காதில் இருக்கிறது. அம்மி போனது. அதைச் சுமந்தது என் அப்பா.

1988இல் நான் துறையூர்ப் பக்கம் அவர்களைத் தேடிப் போனேன். பேருந்தை விட்டு இறங்கிப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஒரு பெட்டிக்கடைக்காரர், “மலாயாக்காரர் வீடுதானே?” என்றார். போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது, இன்னும் மலாயாக்காரர்! சின்னத் தாத்தா கைலி கட்டியிருந்தார். மைலோ டின்னில் வெற்றிலை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அண்ணனைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. “கோயிலுக்குப் பின்னால இருந்த ரம்புத்தான் மரம் இன்னும் காய்க்குதா?” என்று கேட்டார்.

அவருடைய பேரன் ஒருவன் நாளைக்குப் பெர்மிட்டில் சுங்கை சிப்புட்டுக்கு வந்தால் நம் வாயில் அவனும் ஊர்க்காரன்தான். எனக்கோ அவன் பேரப் பிள்ளை முறை.

உங்கள் வீட்டுக்காரரின் சிவப்பு அட்டையை நீங்கள் ஏன் எனக்கு எழுதினீர்கள் என்று யோசித்தேன். நான் கேட்காத விஷயம் அது. அட்டையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு முகத்தைப் பார்ப்பவர்களிடம் அவர் எத்தனை தடவை போய் நின்றார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவர் படுத்த படுக்கையாக இருந்தபோது, பெர்மிட் பையன் ஒருவன் வாராவாரம் வந்து கன்னத்தைப் பிடித்து, தாடையைத் தூக்கிச் சவரம் செய்திருக்கிறான். அந்த நேரத்தில் இரண்டு பேரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று மகளிடம் கேட்டீர்களா? தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு அவள்தான் பக்கத்தில் நின்றிருப்பாள். உங்கள் மகளுக்குக் காதல் வந்தது சவரச் சோப்புக்கும் டெட்டாலுக்கும் நடுவில்தான் என்று நினைக்கிறேன். சினிமாவில் இப்படிக் காட்ட மாட்டார்கள்.

ஐசிக்காக வளைத்தான் என்ற பேச்சைச் சுலபமாகத் தீர்த்துவிடலாம். நம் அரசமைப்பின் 15ஆவது பிரிவு, குடிமகனைக் கட்டிய வெளிநாட்டு மனைவிக்குத்தான் குடியுரிமை கேட்க வழி வைத்திருக்கிறது. குடிமகளைக் கட்டிய வெளிநாட்டுக் கணவனுக்கு அந்த வழி இல்லை. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்பேன், அது வேறு கதை. ஐசிக்கு ஆசைப்பட்டு வளைத்திருந்தால் பையனுக்குக் கணக்கு வராது என்று கொழுந்தனாரிடம் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கொழுந்தனார் தொழிலைப் பற்றியா பேசுகிறார்? தொழில் என்றால் உங்கள் வீட்டுக்காரர் பிடித்தது குலை வெட்டும் அரிவாள், நீங்கள் பிடித்தது பால்வெட்டும் கத்தி, நான் பிடித்தது சாக்கட்டி. அவர் சொல்ல வருவது சாதி. அந்தச் சொல்லை எழுத உங்களுக்குக் கை வரவில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். முடிவெட்டுகிறவர் எல்லாரும் ஒரே சாதியும் இல்லை. இருந்தால்தான் என்ன? லயத்தில் அத்தனை வீட்டுக்கும் ஒரே குழாய். யார் குடம் முன்னால் என்று சண்டை வந்ததே தவிர, அந்தத் தண்ணீரை யாரும் கொட்டியதில்லை. கல்யாணம் என்று வந்தால்தான் எல்லாருக்கும் கப்பல் ஏறும் முன் இருந்த ஊர் ஞாபகத்துக்கு வந்துவிடும். அண்ணன் பிணம் கூடத்தில் கிடந்தபோது அந்தப் பையனுக்குப் போன் செய்தவர் அவர். வந்தான், வாசலில் உட்கார்ந்தான், உங்கள் மகன் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளாத குறையாக மொட்டை போட்டான். சாவுக்கு வேண்டியிருந்த கை இப்போது என்ன ஆகிவிட்டது என்று அவரிடம் கேட்க வேண்டியவர் நீங்கள்தான். மெதுவாகவே கேளுங்கள், ஆனால் நாலு பேர் இருக்கும்போது கேளுங்கள்.

இப்போது சட்டம். இதில் உங்கள் மகளுக்கு நான் இனிப்பாகப் பேசப் போவதில்லை. தற்காலிக வேலை அனுமதியில் இருப்பவர் இங்கே திருமணம் செய்துகொள்ள அந்த அனுமதியின் நிபந்தனை இடம் கொடுக்காது. கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். முஸ்லிம் அல்லாதார் திருமணம் எதுவானாலும் 1982 மார்ச் 1 முதல் பதிவாகியிருக்க வேண்டும். பதியாத தாலியோடு கவுண்டரில் போய் நின்று அழுத பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பெர்மிட் தீர்ந்த பிறகு ஒரு நாள்கூடப் பையன் இங்கே ஒளிந்திருக்கக்கூடாது. அப்படி இருந்துவிட்டால் திரும்பி வரும் பாதை அடைபட்டுவிடும்.

மார்ச்சில் கணக்கு முடித்து முறையாக ஊர் போகட்டும். உங்கள் மகள் தேசியப் பதிவிலாகாவில் தனக்குத் திருமணம் ஆகவில்லை என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு அங்கே போய்ப் பதிவுத் திருமணம் செய்யட்டும். செய்த ஆறு மாதத்துக்குள் அதை மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும். சென்னையில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. அதற்கப்புறம் கணவர் என்ற முறையில் நீண்டகாலச் சமூக வருகை அனுமதிக்கு மனு. அதில் வேலை செய்வதற்குத் தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும். பிள்ளை இங்கே பிறந்தால் அம்மாவின் குடியுரிமை அதற்கு உண்டு. படிவமும் கட்டணமும் மாறிக்கொண்டே இருக்கும், குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் ‘ஏஜெண்டு’ என்று சொல்லிக்கொண்டு திரிபவரிடம் ஐந்து சென்கூடக் கொடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால், உங்கள் மகன் நாலு நாள் லீவு போட்டு மன்னார்குடிக்குப் போய் வரட்டும். பையனுக்கு அங்கே ஏற்கெனவே குடும்பம் உண்டா, கடன் எவ்வளவு, தங்கச்சிகள் எத்தனை என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தாக வேண்டும். நல்ல கை உள்ளவன் எல்லாம் நல்லவன் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கும் வயதாகிவிட்டது. பையனின் அம்மாவும் உங்கள் மகனை ஏற இறங்கப் பார்ப்பார். மலேசியாக்காரி என் பிள்ளையை வளைத்துவிட்டாளே என்று அங்கேயும் ஒரு சித்தப்பா சொல்லியிருப்பார்.

நாத்தனார் சொல்லும் வருஷக் கணக்குக்கு வருகிறேன். சில வீடுகளில் வருஷம் திரும்பாமல் நல்ல காரியம் கூடாது என்பார்கள். சில வீடுகளில் வருஷத்துக்குள் ஒரு நல்ல காரியம் வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்பார்கள். இரண்டையும் ஒரே லயத்தில், ஒரே வாரத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் அப்பா போன ஏழாம் மாதம் என் தங்கைக்குக் கல்யாணம், மேளம் மட்டும் இல்லை. அவளுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் சட்டமே நாத்தனார் பக்கம் இருக்கிறது. மார்ச்சில் பையன் போனால், ஜூனில் தலைத்திவசம். கல்யாணம் எப்படியும் அதற்குப் பிறகுதான் முடியும். அவர் ஜெயித்ததாகவே இருக்கட்டும், விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் விடாதீர்கள். விதவை மணவறைப் பக்கம் நிற்கக்கூடாது என்று சொல்லும் முதல் ஆள் இந்த நாத்தனாராகத்தான் இருப்பார். அப்போது நீங்கள் நகரக்கூடாது.

அஸ்தி. “எவ்வளவு தண்ணி” என்பது ஆசையும் இல்லை, உயிலும் இல்லை. மேட்டூர்த் தண்ணீரைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். காவேரியில் விட்டால்தான் கரையேறுவார் என்றால், பேராக் ஆற்றில் போன பாதி எங்கே நிற்கிறதாம்? கட்டாயம் என்று எதுவும் இல்லை. ஆனால் கடிதத்தில் அந்த டிவிக் காட்சியை நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், கொண்டுபோக வேண்டும் என்று உங்களுக்கே ஆசை இருக்கிறது. சிவப்பு ஐசிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. நீலம் வந்தபோது வயது போய்விட்டது, பிறகு காலும் போய்விட்டது. அவர் போகாத ஊரை நீங்களாவது பாருங்கள். ஒரே பயணத்தில் நல்லதும் கெட்டதும் கலக்கக்கூடாது என்பார்கள். விமான டிக்கெட் விலை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மரணச் சான்றிதழையும் தகனம் செய்த சான்றையும் கையில் வைத்துக்கொண்டு, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதலில் முசிறி. தலை முழுகி நாலு நாள் கழித்து மன்னார்குடி.

ஒரே ஒரு நிபந்தனை. மேட்டூரை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில் வரும். அதை ஒட்டிப் போங்கள். கோடையில் போனால் ஆற்றில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல்தான் கிடக்கும். “எவ்வளவு தண்ணி” என்று சொன்ன மனிதரை மணலில் விட வேண்டாம்.

அப்புறம், நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று. மகன் ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு விடிகாலையில் பாலம் ஏறிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருக்கிறீர்கள். மகளும் போய்விட்டால் அந்தக் கூடத்தில் நீங்களும் அந்தக் கட்டிலும்தான். பயம் ஊர்க்காரனைப் பார்த்து இல்லை, தங்கச்சி. இதை மகளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதற்கும், எனக்குத் தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்வதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். கட்டிலை எடுக்கச் சொல்லி யார் வந்தாலும், உங்களுக்குத் தோன்றும் வரை எடுக்க வேண்டாம்.

இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டில் பலகாரம் இருக்காது, படையல் மட்டும் இருக்கும். பையனுக்கும் கடை லீவு. அம்மாவிடம் போனில் பேசிவிட்டு அறையில் குப்புறப் படுத்திருப்பான். இலை போடும்போது அவனைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். சம்மதம் என்று அர்த்தம் இல்லை, நீங்களும் அப்படிச் சொல்ல வேண்டாம். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், போதும்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து கல்யாணமாகிப் பீடோருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. முதல் வாரம் சாப்பாட்டுக் கடையில் ஒருவர் “தண்ணி என்ன?” என்று கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் எல்லாரும் “பசியாறியாச்சா?” என்கிறார்கள். நான் வாயைத் திறந்தால் ‘சினிமாவுல பேசுற மாதிரி பேசுது’ என்று சிரிக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு முன் அம்மா இறந்துவிட்டார். போக முடியவில்லை, வீடியோவில்தான் பார்த்தேன். அழும்போதுகூட இவர்களுக்குப் புரியும்படி அழ வேண்டுமோ என்று தோன்றுகிறது. எப்போது நான் இந்த ஊர் ஆள் ஆவேன்?
ஒரு வாசகி, பீடோர்

பதில்: அவர் குடிக்க என்ன வேண்டும் என்றுதான் கேட்டார் அம்மா, பயப்படாதே. தே தாரே, கோப்பி ஓ, மைலோ, சுடுநீர், எல்லாமே இங்கே தண்ணிதான். காசை வெள்ளி என்போம், குடியிருப்பைத் தாமான் என்போம். ‘பசியாறு’ என்பது மட்டும் நல்ல தமிழ், அதை உன் ஊருக்கும் கொண்டுபோ.

அழுகையைப் பற்றி எழுதியது மனதில் தைத்தது. எங்கள் பாட்டி 1930களில் வந்தவர். ஊரில் அவருடைய அம்மா இறந்த சேதி கடிதமாக வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை தினமும் பால் வெட்டி, சமைத்து, சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். சேதி வந்த அன்று லயத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து, அன்றைக்குத்தான் இறந்தது போல ஒப்பாரி வைத்தார்களாம். அவர்கள் ஒருவருக்கும் அந்த அம்மாவைத் தெரியாது. நீ உன் மாமியாரிடம், உங்கள் பேச்சிலேயே, உன் அம்மாவைப் பற்றிச் சொல்லு. என்ன குழம்பு வைப்பார், எதற்குத் திட்டுவார் என்று சொல்லு. தீபாவளிக்கு முதல் நாள் அந்தக் குழம்பை வைத்து ஓர் இலை போடு. உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லையென்றாலும் இங்கே உண்டு.

எட்டு மாதத்தில் யாரும் இந்த ஊர் ஆள் ஆவதில்லை. என்றாவது தஞ்சாவூருக்குப் போய்க் காப்பிக் கடையில் உட்கார்ந்து “தண்ணி என்ன இருக்கு?” என்று உன் வாயில் வரும். கடைக்காரர் முழிப்பார். அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடு.

கேள்வி: அப்பா இறந்த பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய பங்குச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. இதற்கு மதிப்பு உண்டா, குப்பையா?
ஒரு வாசகர், கோல கங்சார்

பதில்: குப்பையில் போட்டீர்களோ, நேரில் வந்து திட்டுவேன். மெர்டேக்காவை (சுதந்திரத்தை) ஒட்டி வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோது, வாங்கியவர்கள் முதலில் செய்தது லயத்தைக் காலி செய்யச் சொன்னதுதான். எங்கள் ஊர்க்காரர், அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவது என்று ஏற்பாடு. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைத்தான் முதலில் வாங்கினார்கள். எங்கள் அப்பாவும் கட்டினார். பத்து மாதமும் அம்மா முணுமுணுத்தார், மீன்காரருக்குப் பாக்கி என்று. (‘ஊர்க்காரர்’ என்று நானே எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இது நல்ல அர்த்தத்தில்.)

சங்கம் இன்றும் நடக்கிறது. அசல் சான்றிதழ், அப்பாவின் மரணச் சான்றிதழ், உங்கள் ஐசி மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், அவர் யாரை வாரிசாக நியமித்திருந்தார் என்று கேளுங்கள். அம்மா பெயராக இருந்தால் அவரையும் கூட்டிப் போக வேண்டும். பழைய தாள், கிழிந்துவிடும் என்று பிளாஸ்டிக் உறையில் வைத்து ஒட்டிவிடாதீர்கள், அசலா நகலா என்று சந்தேகப்படுவார்கள்.

பெட்டியில் வேறு என்ன இருந்தது என்று எழுதவில்லையே? அதையும் எழுதுங்கள்.